ஷார்ஜாவில் "ஜீரோ அவர்" என்று விற்ற ஸ்போர்ட் குவாட்: வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

அமீரகத்தில் ஸ்போர்ட் குவாட் (மணலில் வேகமாக ஓட்டுகிற நான்கு சக்கர பைக்) வாங்க யோசித்துக்கொண்டிருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "ஜீரோ அவர்", அதாவது ஒரு மணி நேரம் கூட ஓடாத புத்தம் புது வண்டி என்று சொல்லி ஷார்ஜாவில் ஒரு கடை எனக்கு யமஹா ஒய்எஃப்இசட் 450 ஆர் ஒன்றை 38,000 திர்ஹாமுக்கு விற்றது. அது ஏற்கனவே மணலில் நன்றாக அடிபட்டு, எஞ்சின் ஒருமுறை பிரித்து மூடப்பட்டு, மேலே மட்டும் புது பிளாஸ்டிக் போட்ட வண்டி.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் இணையத்தில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி நம் மேலேயே வழக்கு வரலாம். தவிர, பணத்தைத் திரும்ப வாங்கும்போது பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டி இப்போது மறுபடியும் அவர்கள் கையில் இருக்கிறது. அதை இன்னொருவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

குளிர்காலம் தொடங்கினால் எங்கள் கூட்டம் அல் பதாயர் பக்கம் போய்விடும். ஹத்தா சாலையில் போனவர்களுக்கு அந்தச் செம்மணல் குன்று தெரியும். பிக் ரெட் என்பார்கள், கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம். நாகர்கோவில்காரர், காயல்பட்டினத்துக்காரர், யாழ்ப்பாணத்து நண்பர், திருச்சூர் சேட்டன்மார் என்று எல்லாரும் அங்கே வருவார்கள். டீக்கு உட்கார்ந்தால் பேச்சு ஒன்றுதான்: 700ஆ, 450ஆ?

700 என்றால் யமஹா ராப்டர். 686 சிசி, ஒற்றை சிலிண்டர், 2006இல் வந்தது. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை அதிகம் என்பதால் கியரை அடிக்கடி மாற்றாமல் மணல்மேட்டில் ஏறலாம். ரிவர்ஸ் உண்டு. டக்கார் பாலைவன ராலிப் பந்தயத்தில் 2024 வரை குவாட்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தபோது, அதில் ராப்டர் 700தான் ஆட்சி செய்தது. 450இன் கதை வேறு. 2004இல் கார்புரேட்டரோடு வந்த ஒய்எஃப்இசட், 2009இல் அலுமினிய ஃப்ரேமும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுமாக மாறி, பெயரில் 'ஆர்' சேர்ந்தது. 2014இல், சட்டென்று கியர் குறைக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. 449 சிசிதான், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் சீறும். அகலமாக, தாழ்வாக நிற்கும், வளைவில் சாய்த்து எடுக்கிற சுகம் ராப்டரில் கிடைக்காது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, 450 வண்டி 184 கிலோ, ராப்டர் 191. ஆனால் ஏறி உட்கார்ந்தால் இரண்டும் ஒரே கம்பெனி வண்டி என்றே தோன்றாது.

"அண்ணே, 450 எடுத்தீங்கன்னா பாதி நாள் ஸ்பேனரோடதான் உட்காரணும். டேப்பெட் பார்க்கணும், ஆயில் மாத்தணும், ஃபில்டர் கழுவணும். ராப்டரை எடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று காயல்பட்டினத்துத் தம்பி சொல்வான். அவன் சொன்னது நியாயம்தான். 450 பந்தயத்துக்காகச் செய்த எஞ்சின், அது கவனிப்பு கேட்கும். எனக்கு அந்தக் கவனிப்பு பிடிக்கும், அதனால் 450 என்று முடிவு செய்தேன். இன்றும் அந்த மாடல் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 450 வகுப்பில் ஒரு காலத்தில் எத்தனை வண்டிகள் இருந்தன! ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 450 ஆர், சுஸுகியின் எல்டிஆர் 450, கவாஸாகியின் கேஎஃப்எக்ஸ் 450 ஆர், கேன்-ஆமின் டிஎஸ் 450. எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய்விட்டன. ஜப்பான் கம்பெனிகளில் பெரிய ஸ்போர்ட் குவாட் என்றால் இப்போது யமஹா மட்டும்தான். புது வண்டி எளிதில் கிடைக்காது, கேட்கிற ஆள் அதிகம். இந்தத் தட்டுப்பாட்டில்தான் அதிகாரபூர்வ டீலர் அல்லாத கடைகள் அமெரிக்காவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் இறக்கி விற்கின்றன. அப்படி இறக்குவது தவறில்லை. ஓடிய வண்டியைப் புதுசு என்று விற்பதுதான் தவறு.

கடையில் இருந்த விற்பனையாளர் நம்ம ஊர்ப் பையன். 700, 450 விவாதத்தில் அவனும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டான். எந்த எக்ஸாஸ்ட் நல்லது, எத்தனை துடுப்பு உள்ள பேடில் டயர் போட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினான். வண்டியைப் பற்றி நான் நேராகவே கேட்டேன். "2022 மாடல், அண்ணே. அமெரிக்காவிலிருந்து பெட்டியில வந்தது, நாங்களே பிரிச்சு மாட்டினோம். ஜீரோ அவர்" என்றான். பளபளவென்று நீல பிளாஸ்டிக், புது சீட், ரப்பர் முடி கூட உதிராத புது டயர். இந்த மாடலில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரே கிடையாது, எச்சரிக்கை விளக்குகள் மட்டும்தான். ராப்டரில் டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, அதிலாவது ஏதாவது தெரியும். 450இல் கடைக்காரன் சொல்வதுதான் கணக்கு. பணம் கட்டிய பிறகு கையில் தந்த ரசீதில் மாடல் வருஷமும் இல்லை, புதுசு என்ற சொல்லும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் அண்ணே" என்றான்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுத்தது. காலையில் ஒரே அழுத்தில் எழும்பும் வண்டி, பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஐட்லிங்கில் தானாக அணையும். கடைக்கு போன் செய்தால் "பெட்ரோல் சரியில்லை, வேற பங்க்ல போடுங்க" என்று பதில்.

அடுத்த முறை என் சித்தப்பா மகன் ஓட்டினான். பாதி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் செத்துவிட்டது. செங்குத்தான மணலில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்காது, வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. அவன் பக்கவாட்டில் குதித்தான், வண்டி இரண்டு சுற்று உருண்டு கீழே போய் விழுந்தது. மணிக்கட்டில் சுளுக்கோடு தப்பினான். வண்டி அவன் மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பணம் போனதைவிட இதற்காகத்தான் அந்தக் கடையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

துபாய் அல் குவோஸில் குவாட் வேலை மட்டும் பார்க்கிற ஒரு மலையாளி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். ஃபில்டர் புதுசு. அதற்குப் பின்னால், எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடிக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துக் காட்டினார். துணியில் மாவு போல நைசான செம்மணல். நான் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டுத்தான் மாட்டியிருக்கிறேன். இது அதற்கு முன்பே, யாரோ ஃபில்டரைக் கவனிக்காமல் ஓட்டியபோது போன மணல்.

அடுத்து ஹெட் கவர். அதன் விளிம்பில் கம்பெனி போடாத சிலிக்கோன் பிதுங்கி நின்றது. போல்ட்களில் கம்பெனி இடும் பெயிண்ட் கோடுகள் உடைந்திருந்தன. உள்ளே டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால், காற்று உள்ளே போகிற இன்டேக் பக்கம் மூன்று வால்விலும் இடைவெளியே இல்லை. இருக்க வேண்டியது 0.10 மில்லிமீட்டருக்குக் குறையாமல். அதோடு, அந்த இடைவெளியைச் சரிசெய்யப் போடும் ஷிம் என்கிற சிறு தகடுகள் ஏற்கனவே மெல்லியதாக மாற்றப்பட்டவை.

என்ன நடந்திருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்த எஞ்சினில் வால்வுகள் டைட்டானியம். எடை குறைவு, அதனால்தான் அவ்வளவு ஆர்பிஎம் போக முடிகிறது. அதன் மேல் கடினமான ஒரு பூச்சு இருக்கும். மணல் உள்ளே போனால் அது பூச்சைத் தேய்த்துவிடும். அப்புறம் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும், இடைவெளி குறையும், கடைசியில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும். சூடானதும் கசிவு கூடும், அதனால்தான் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. மெல்லிய ஷிம் போட்டால் கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிட்டது போல இருக்கும், பூச்சு போன வால்வு தேய்வது நிற்காது. விற்பதற்கு முன் யாரோ செய்தது இந்த வேலையைத்தான். வால்வு, பிஸ்டன், ரிங், வால்வு உட்காரும் இடத்தைச் சீராக்கும் சீட் கட்டிங் எல்லாம் சேர்த்துச் செய்தால்தான் வண்டி தேறும் என்றார்.

பிளாஸ்டிக்கைக் கழற்றியதும் மீதியும் தெரிந்தது. சீட்டின் அடித்தகட்டில் மார்க்கரில் அரபி எண்ணில் 27 என்று எழுதியிருந்தது. வாடகைக்கு விட்ட வண்டியா, வேறு யாராவது கூட்டமாக வைத்து ஓட்டியதா, தெரியவில்லை. சேஸிஸ் எண் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தால் பத்தாவது எழுத்து 'கே'. அமெரிக்கச் சந்தைக்கு வருகிற வண்டிகளில் பத்தாவது எழுத்துதான் மாடல் வருஷம். 'கே' என்றால் 2019. 2022 என்றால் 'என்' இருக்க வேண்டும்.

இவ்வளவையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நம்ம ஊர்ப் பையன் முகத்தையே காட்டவில்லை. முதலாளி வந்து, "நீங்க மணல்ல ஓட்டிக் கெடுத்துட்டு எங்க மேல பழி போடறீங்க" என்றார். ஸ்போர்ட் குவாட்டை மணலில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவது? சாலையில் ஓட்டத்தான் இங்கே தடை இருக்கிறதே. பாதிச் செலவில் வேலை செய்து தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெக்கானிக்கிடம் கையெழுத்தும் முத்திரையுமாக அறிக்கை வாங்கி, நுகர்வோர் புகார் கொடுத்தேன். 2020ஆம் ஆண்டின் 15ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் நுகர்வோர் பாதுகாப்புக்கானது. பொருளைப் பற்றிச் சரியான தகவல் தருவது விற்பவர் கடமை. பேச்சுவார்த்தையில், 6,000 திர்ஹாமைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்து வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அந்த 6,000 என் உழைப்பு, அதை விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. ஆனால் இன்னும் பல மாதம் அலைய வேலையில் லீவு கிடைக்காது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. 700ஆ, 450ஆ என்பதைத் தாராளமாக விவாதியுங்கள், நல்ல விவாதம் அது. ஆனால் கண் எதிரே நிற்கிற அந்த ஒரு வண்டி புதுசா என்பது தனிக் கேள்வி, அதை மாடல் சொல்லாது, விற்பவன் வாயும் சொல்லாது. பிளாஸ்டிக்கும் சீட்டும் டயரும் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும், அவற்றைப் பார்ப்பதே வீண். ஏர்பாக்ஸைத் திறக்கச் சொல்லி ஃபில்டருக்குப் பின்னால் துணி விட்டுப் பாருங்கள். மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கீழே படுத்து ஏ-ஆர்மின் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை) அடிப்பக்கம், ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடியில் உள்ள காப்புத் தகடு), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரங்களைத் தாங்கும் கை) மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கீறல் இல்லாமல் எந்தக் குவாட்டும் பாலைவனத்திலிருந்து திரும்பியதில்லை. பூட்ஸ் உரசும் இடங்களில், கியர் லீவர் பக்கத்து எஞ்சின் கவரிலும் ஃப்ரேமிலும், பெயிண்ட் தேய்ந்திருக்கும். பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆக்ஸில் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அது புது வண்டி இல்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் கொக்கி போல வளைந்திருந்தால் செயின் எவ்வளவு ஓடியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

சேஸிஸ் எண்ணை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பேப்பரில் இருக்கிற எண்ணோடு ஒத்துப் பாருங்கள், அந்தப் பேப்பரின் தேதியையும் பாருங்கள். எண் 'எல்' என்று தொடங்கினால் சீனத் தயாரிப்பு, ராப்டர் மாதிரியே பிளாஸ்டிக் போட்ட 250 சிசி வண்டிகள் நிறைய வருகின்றன. ரசீதில் "புதியது, பயன்படுத்தாதது, மாடல் வருஷம் இன்னது" என்று எழுதச் சொல்லி, எழுதிய பிறகு பணம் கட்டுங்கள். முடிந்தால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், சில நூறு திர்ஹாம் அவருக்குக் கொடுப்பது வீண் செலவே இல்லை.

என்னிடமிருந்து போன வண்டியின் அடையாளம்: நீல பிளாஸ்டிக், ஸ்விங் ஆர்மின் கீழே இடது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம், இடது ஃபுட்பெக் மேலே ஃப்ரேமில் சில்வர் பெயிண்ட் தீற்றிய இடம், சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து 'கே'. சீட்டுக்கு அடியில் இருந்த 27ஐ இதற்குள் அழித்திருப்பார்கள். பிளாஸ்டிக் நிறத்தையும் மாற்றலாம், பள்ளத்தை மாற்றுவது கஷ்டம். இப்படி ஒன்றை உங்களுக்குப் புதுசு என்று காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். மெக்கானிக்கின் அறிக்கையும் எல்லாப் படங்களும் என்னிடம் இருக்கின்றன, உடனே அனுப்பி வைக்கிறேன்.