டெக்சாஸ்ல பழைய மொபைல் ஹோம் வாங்குறவங்க கவனத்துக்கு: 18,500 டாலர் போச்சு

18,500 டாலர். ஒரு பழைய மொபைல் ஹோமுக்கு (தொழிற்சாலையில கட்டி, இழுத்துக் கொண்டுவந்து வைக்கிற வீடு) மொத்தமா கேஷியர்ஸ் செக்கா, அதாவது பேங்கே எழுதித் தர்ற செக்கா, கொடுத்தது. சாவி கையில இருக்கு, வீடு எங்க பேர்ல இல்ல.

வித்தது பழைய மொபைல் ஹோம்களை வாங்கி விக்கிற ஒரு சின்ன லாட் (விற்பனை மைதானம்). புகார் ஓடிட்டிருக்கு, அதனால பேர் வேண்டாம். ரெண்டு செக்ஷன் சேர்ந்த டபுள்வைடு வீடு. நம்ப வெச்சது ஒரே பேப்பர்: 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்' (வீடு யாரோடதுன்னு மாநிலம் கொடுக்கிற சான்று) நகல், அழகா பிளாஸ்டிக் கவர்ல. "டைட்டில் கிளீன், பேர் மாத்துறது எங்க பொறுப்பு"ன்னு சொல்லி பில் ஆஃப் சேல்ல (விற்பனைச் சீட்டு) கையெழுத்தும் போட்டாங்க.

அந்த நகலே பழசு. டெக்சாஸ் வீட்டுவசதித் துறை (டி.டி.எச்.சி.ஏ.) தளத்துல வீட்டுத் தகடுல இருக்கிற லேபிள் நம்பரைப் போட்டா ஓனரா வேற யாரோ. கூடவே ஒரு கடன் கம்பெனியோட லீன் (பாக்கி தீர்ற வரைக்கும் வீட்டு மேல இருக்கிற உரிமை), கவுன்டியோட (மாவட்டம் மாதிரி) டாக்ஸ் லீன். நிலத்தோட சேர்த்து ரியல் ப்ராப்பர்டியா (அசையாச் சொத்து) மாத்தாத வரைக்கும் இந்த வீடுங்க அசையும் சொத்துதான். கவுன்டி கிளார்க் ஆபீஸ்ல பத்திரம் தேடிப் பிரயோஜனமில்ல. மாநில ரெக்கார்டுல பேர் மாறணும்னா லீன் ரிலீஸும் (லீன் நீங்கிடுச்சுங்கிற பேப்பர்) டாக்ஸ் பாக்கி இல்லைங்கிற சான்றும் வேணும். பில் ஆஃப் சேலை மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

வித்த 60 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பம் போட வேண்டியது ரீடெய்லர், அதாவது வித்த லாட்காரங்க. கட்டணம் 55 டாலர், அவ்வளவுதான். அதுக்கு என்னென்ன சாக்கு! "ஆஸ்டின்ல, டிபார்ட்மென்ட்ல பெண்டிங்." "அதைப் பார்க்குறவங்க லீவு." அப்புறம் "டாக்ஸ் பாக்கி நீங்கதான் கட்டணும்." இப்போ போனே எடுக்கிறதில்ல. 18,500 வாங்குறப்போ மட்டும் ஆபீஸைப் பூட்டாம காத்திருந்தாங்க.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சல்ல இவ்வளவுதான் வருது. 1976 ஜூன் 15க்கு அப்புறம் கட்டின வீட்டுல செக்ஷனுக்கு ஒரு சிவப்பு எச்.யூ.டி. (அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை) தகடு, லேபிள் நம்பர் அதுலதான், வெளிச்சுவர்ல பின்பக்கம் இருக்கும், டபுள்வைடுன்னா ரெண்டு. சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) மாத்தும்போது பிடுங்கிப் போட்டிருப்பாங்க. அப்போ அடியில இருக்கிற இரும்புச் சட்டத்தோட முன்பக்கக் குறுக்குப் பட்டையில குத்தியிருக்கிற சீரியல் நம்பரைப் பாருங்க. அதை வெச்சு நீங்களே தளத்துல தேடுங்க, அவங்க நீட்டுற பிரின்ட் வேண்டாம். லீன் ரிலீஸும் டாக்ஸ் சான்றும் கைக்கு வராம ஒரு டாலர் கொடுக்காதீங்க. விக்கிறவனுக்கு லைசென்ஸ் இருக்கான்னும் அங்கேயே பாத்துடுங்க. இல்லாதவன்கிட்ட ஏமாந்தா மாநிலத்தோட நஷ்டஈட்டு நிதியில கேக்கக்கூட வழியில்ல.