முதல் ரைஃபிள்: ரூகரா, மார்லினா, ஸ்மித் அண்ட் வெஸனா?

‘22 லாங் ரைஃபிள்’ என்ற சிறிய தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) துப்பாக்கி வாங்க வருகிறவர்கள், எது குறி தவறாது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 50 கஜத்துக்குள் பிரபலமான எதுவும் உங்களைக் கைவிடாது. எதைச் சுலபமாகக் காலி செய்ய முடியும், காலியாகிவிட்டதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியும் என்று கேளுங்கள். டெக்சஸில் என் மகளுக்குச் சுடக் கற்றுத்தருகிறேன். எனக்கு அதுதான் முதல் கணக்கு.

மார்லின் மாடல் 60 மேல் எனக்குத் தனிப் பிரியம். 1960இல் வந்த துப்பாக்கி. மெல்லிய உடல், தோளில் வைத்ததும் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும் குறிமுனை, குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் 16 நுண்வரிகள். சங்கடம் தோட்டா போடுவதில்தான். குழலுக்கு அடியில் ஓடும் குழாயிலிருந்து உள்குழாயைத் திருகி இழுத்து, தோட்டா வடிவிலேயே வெட்டிய துளை வழியாக ஒவ்வொன்றாக அடிப்பாகம் முதலில் போகும்படி நழுவவிட வேண்டும். அத்தனை நேரமும் விரல்கள் புழங்குவது துப்பாக்கியின் வாய்க்குப் பக்கத்தில். காலி செய்வதென்றால் உள்குழாயை உருவிக் கவிழ்க்க வேண்டும். அதன்பிறகும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் நகரும் பாகத்தை, பலமுறை இழுத்துப் பார்த்தால்தான் மனம் அடங்கும். பழகிய கைக்கு இது பெரிதல்ல. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. 2020இல் மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி, மார்லின் பெயர் ரூகரிடம் போனது. மாடல் 60 வேண்டுமென்றால் பழையதைத் தேடுங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 15-22, ஏஆர் வகைத் துப்பாக்கியின், அதாவது ராணுவத் துப்பாக்கி போலத் தோன்றும் ரைஃபிளின், உருவம் கொண்டது. உடல் பெரும்பாலும் பாலிமர், அதனால் எடை குறைவு. தோளில் பதியும் கட்டையின் நீளத்தைக் குட்டைக் கைக்கு ஏற்ப மாற்றலாம். இரண்டு ஊசிகளைத் தள்ளினால் திறந்துகொள்ளும். குழலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். தோட்டாக் கொள்ளளவுக்கு வரம்பு வைத்த மாநிலங்களில் 10 தோட்டா மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) வரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனாலும் நான் வாங்கியது ரூகர் 10/22தான். 1964இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அதன் 10 தோட்டா மேகசின் உள்ளே சுழல்வது. கட்டைக்கு வெளியே துருத்தாமல் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழற்றி மேசையில் வைத்து, போல்ட்டைத் திறந்து தோட்டா அமரும் அறையை எட்டிப் பார்த்தால் போதும்: காலி என்பதை மகளே சொல்லிவிடுகிறாள். குறைகள் இல்லாமல் இல்லை. கடைசித் தோட்டா போனாலும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. பின்பக்கம் அடைபட்டிருப்பதால் குழலை வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும். துடைக்கும் கம்பி வாயின் விளிம்பை உரசினால் குறி கெடும், கயிறு போட்டு இழுப்பது நல்லது. இதற்கு ஈடாக, குழலைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகள்தான். பின்னாளில் வேறு குழல் மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் தோட்டாவைச் சோதித்து வாங்குங்கள். இந்த வகையில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருப்பதால் அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் நிற்கும். அப்போது துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும். வேகம் குறைந்த தோட்டா சில துப்பாக்கிகளில் போல்ட்டை முழுவதும் தள்ளாது. இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ரூகர் என்றால் கூடுதலாக இரண்டு மேகசினும் அன்றே வாங்கிவிடுங்கள்.