மதுரை திருநகர் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம்: எட்டு மாத அனுபவம்

குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. இரண்டரை வயது மகளை எட்டு மாதமாக இங்கேதான் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

இடம் சுத்தம். வாசலில் ஒரு பலகை இருக்கும், எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது, எப்போது தூங்கியது என்று ஆயாக்கா சாக்பீசில் எழுதி வைப்பார். என் மகள் பெயருக்கு நேரே பாதி நாள் "தயிர்சாதம் கொஞ்சம், தூங்கவில்லை". நமக்குப் பிடிக்காததையும் மறைக்காமல் எழுதுகிறார்களே, அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கட்டணம் மாதம் 4,500. டவுன்ஹால் ரோடு பக்கம் ஆடிட்டர் ஆபீசில் எனக்குச் சம்பளம் 14,000. "காப்பகத்துக்குக் கட்டவா வேலைக்குப் போற?" என்று அத்தை கேட்டார்கள். இதே கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டில் கிடந்தேன். வேலை தேடவே இல்லையே என்பார்கள். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பும் அப்படித்தான் பார்க்கிறது: தேடினால், அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றால் வேலையில்லாதவர், இல்லாவிட்டால் "வீட்டு வேலை மட்டும்", குறியீடு 92, உழைப்பாளர் கணக்கிலேயே கிடையாது. பிள்ளையை யாரிடம் விடுவது என்றே தெரியாதவள் எங்கே போய்த் தேடுவது? 2023-24இல் நாடு முழுக்க 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 41.7 சதவீதம் பேர்தான் அந்தக் கணக்குக்குள் இருந்தார்கள், ஆண்களில் 78.8.

சரி, குறைக்கு வருகிறேன். காலை 9 முதல் மாலை 5.30 வரைதான். ஆபீஸ் விடுவது ஆறு மணிக்கு, அப்புறம் பெரியாரில் பஸ் ஏறிப் பழங்காநத்தம் நெரிசலில் ஊர்ந்து வந்தால் ஏழாகிவிடும். ஆடிட்டரிடம் கெஞ்சி ஐந்துக்கே கிளம்புகிறேன், அதற்கு 2,000 பிடித்துக்கொண்டார். அப்படியும் சில நாள் தாமதமாகும், அரை மணிக்கு 50 ரூபாய். டவுன் பஸ்ஸில் மிச்சமாகும் டிக்கெட் காசு இங்கே போகிறது. இதில் அவர்கள் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் வேகம், இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள்தான், எங்கள் ஆபீசுக்கோ முழு நாள். 50 பேர் வேலை பார்க்கும் இடமென்றால் காப்பக வசதி தரவேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது, நாங்கள் ஏழு பேர்.

லேசாக உடம்பு சுட்டாலும் போன் வரும், அது நல்லதுதான். ஆனால் படிவத்தில் என் வீட்டுக்காரர் நம்பரும் இருக்கிறது, எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவருக்குப் போனதில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. ஐந்து மணிக்குள் வேலை முடிகிறவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஏழு வரை திறந்து வைத்தால் ஆயிரம் கூடக் கட்டுகிறோம் என்று ஆறு அம்மாக்கள் எழுதிக் கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். ஆயாக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவர் தன் மகனைத் திருமங்கலத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறாராம், ஆறரைக்குள் போய்க் கூப்பிட வேண்டுமாம்.