கறிவேப்பிலைப் புழுவா, குழியானையா?

விடுமுறைக்கு வரும் அக்கா பிள்ளைகளோடு நான் செய்து பார்த்த பூச்சி வேலைகள் நான்கு: புழு வளர்த்தல், குழியானை (பொடிமண்ணில் குழி தோண்டி எறும்புக்குக் காத்திருக்கும் சின்னப் பூச்சி) பார்த்தல், ராத்திரியில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அந்துப்பூச்சி பார்த்தல், களிமண்ணில் பூச்சி செய்தல். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த ஒப்பீடு.

களிமண்ணை முதலிலேயே முடித்துவிடலாம். மழை நாளுக்கு நல்லது. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்பது விரலிலேயே பதிந்துவிடும். ஆனால் உயிருள்ள பூச்சியைப் பார்த்த பிறகு செய்தால்தான் அதில் ருசி.

மற்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது புழு வளர்ப்பது. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும். கறிவேப்பிலை அழகியோ எலுமிச்சை அழகியோ, ஏதோ ஒரு பட்டாம்பூச்சி தேடி வந்து, கொழுந்தில் கடுகைவிடச் சின்னதாய் வெளிர்மஞ்சள் முட்டை வைக்கும். "சித்தி, இலையில காக்கா எச்சம்" என்றாள் பெரியவள். அதுதான் புழு. பறவை கண்ணை ஏமாற்ற அந்த வேஷம். வளர்ந்து கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பு நீளும், ஒரு நெடியும் வரும். அதைப் பார்த்த பிறகு அவள் ஒரு நாளும் புழுவைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

ஆனால் உழைப்பு உண்டு. வலைத்துணி மூடிய டப்பாவில் தினமும் புது இலை வைக்க வேண்டும், எச்சத்தைத் துடைக்க வேண்டும். ஒருமுறை வீட்டு இலை தீர்ந்து சந்தையில் வாங்கியதைப் போட்டேன். மறுநாள் நான்கு புழுவும் செத்துக் கிடந்தன. பூச்சிமருந்து பட்ட இலையாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளை அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. சொந்தச் செடி இல்லாவிட்டால் தொடங்காதீர்கள். கூட்டுப்புழுவிலிருந்து சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவி வரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டையிலிருந்து சிறகு வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாதம். ஐந்து வயதுக்காரனால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

அவனுக்குக் குழியானைதான். தாழ்வாரத்து ஓரம், கோயில் மண்டபத்தடி என்று மழை படாத பொடிமண் எங்கிருந்தாலும் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். செலவில்லை, காத்திருப்பும் இல்லை. புல் நுனியால் லேசாகச் சரித்தால் அடியிலிருந்து மண்ணை வாரி எறியும். கிண்ணத்தில் பொடிமண் போட்டு ஒன்றை விட்டோம். பின்பக்கமாகவே நடந்து, வட்டம் போட்டு, புதுக் குழி தோண்டியது. அவன் முட்டி போட்டபடி அசையாமல் இருந்தான். எறும்பைப் பிடித்துப் போடுவதை மட்டும் எங்கள் வீட்டில் விடுவதில்லை. வேடிக்கைக்காக ஓர் உயிரைத் தள்ளிவிடும் பழக்கம் வேண்டாம். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த எங்கள் காலத்து விளையாட்டையும் இதே காரணத்துக்காகத்தான் இவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

குழியானையில் ஒரு குறை: உருமாற்றம் கண்ணில் படாது. புழு வளர்ப்பு ஜெயிப்பது அங்கேதான்.

வெள்ளை வேட்டி இரண்டுக்கும் நடுவில் வரும். கொடியில் வேட்டியைத் தொங்கவிட்டு, எதிரே ஒரு விளக்கு. அமாவாசையை ஒட்டிய நாட்களில், மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் நிறைய வரும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விடியும்வரை அங்கேயே சுற்றித் தவிக்கும். வெளிச்சத்துக்கு வரும் வண்டுகளில் சில, நசுங்கினால் தோலைப் பொசுக்கிவிடும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடப் பழக்குங்கள். என்ன வரும் என்று சொல்லவே முடியாது. சில ராத்திரி கொசுதான்.

போன முறை வேட்டியில் தட்டான் மாதிரி ஒன்று வந்து ஒட்டியது. நீளச் சிறகு, ஒல்லி உடம்பு. ஆனால் உணர்கொம்பு நுனியில் தடித்திருந்தது, தட்டானுக்கு அப்படி இருக்காது. "இதுதான்டா உன் குழியானை, பெரிசானது" என்றேன். அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்துக் குழிகளை எண்ணிப் பார்க்க ஓடினான்.