அப்பீல் போட்டுத் தர்றேன்னு 2,500 ரூபாய் வாங்கினார், அப்பீலே போடல

காரைக்குடிப் பக்கம் இருக்கிற அக்கா தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். மகளிர் உரிமைத் தொகைக்கு மனு போட்டு, ஆகலைன்னு மெசேஜ் வந்தவங்க இதைப் படிங்க.

நாங்க ஒரு செட்டியார் வீட்டுல காவலுக்கு இருக்கோம். பின்கட்டுல ரெண்டு ரூம்தான் எங்களுக்கு. கரண்ட் மட்டும் முழு வீட்டுக்கும் ஒரே மீட்டர். சென்னையில இருந்து ஆச்சி குடும்பம் கல்யாணத்துக்கு வந்து பத்து நாள் இருந்தா முகப்புல இருந்து அடுப்படி வரைக்கும் விடிய விடிய லைட்டு எரியும். 2023 செப்டம்பர் 15ல ஊரெல்லாம் ஆயிரம் ரூபாய் ஏறிச்சு. எனக்கு வந்தது மெசேஜ்தான்: வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல மின்சாரம், அதனால தகுதி இல்லையாம். நான் வீட்டோட இருக்கிறவ, நிலம் கிடையாது, கார் கிடையாது, வீட்டுக்காரர் சம்பளம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சம்ங்கிற வரம்புக்கு ரொம்பக் கீழே. வரி கட்டுற அளவுக்கு இருந்தா நான் ஏன் மனு போடப் போறேன்?

முப்பது நாளைக்குள்ள இ-சேவை மையம் வழியா கோட்டாட்சியருக்கு (ஆர்டிஓ) மேல்முறையீடு செய்யலாம்னு அப்ப இருந்துச்சு. இது தெரியாமத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "ஆர்டிஓ ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காரு. யூனிட்டைக் குறைச்சுக் காட்டிடலாம்க்கா" என்றார். அப்பவே எழுந்து வந்திருக்கணும். ஓடிபி கேட்டார், சொன்னேன். ஒரு பேப்பர் பிரிண்ட் எடுத்து, மேல அவரே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, "இதுதான் ரசீது, பத்திரமா வைங்க" என்றார். சாமி படத்துக்குப் பின்னால வச்சேன். விபூதி கூடப் பூசினேன், சிரிக்காதீங்க.

ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் வரல. எம் பொண்ணு அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்துட்டு, "அம்மா, இதுல மேல்முறையீடுன்னு ஒரு வார்த்தை கூட இல்லையே. நீ முதல்ல போட்ட மனு நிலவரம்தானே இது" என்கிறா. ஓடிபி கேட்டது அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான். விஏஓகிட்ட ஓடினேன். கெடு முடிஞ்சு போச்சுன்னுட்டார்.

2,500 கூடப் பெரிசில்ல, அந்த முப்பது நாள் போச்சே. மீட்டர் எங்களுது இல்லைன்னு கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களோ மாட்டாங்களோ, கேட்கிற வாய்ப்பே இல்லாமப் பண்ணிட்டார். அப்புறம் 2025ல ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் வந்தப்பதான் திரும்ப மனு கொடுத்தேன். ஒரு பைசா கேட்கல. இடையில கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், மாசம் ஆயிரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

மேல்முறையீடு போட்டதா யாராவது பேப்பர் கொடுத்தா, அந்த இடத்துலேயே அதுல என்ன தேதி, என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. கண்ணு தெரியலைன்னா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.

கடைக்காரர்கிட்ட நாலு தடவை நடந்தேன். 500 கொடுத்தார். மிச்சம் தீபாவளிக்குத் தர்றேன்னார், எந்த வருஷத் தீபாவளின்னு சொல்லல.