எர்ன்ஹார்ட் கையெழுத்துப் படம் வாங்கப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

பிப்ரவரி வந்தாலே முகநூல் குழுக்களில் அமெரிக்கக் கார் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் அந்தக் கறுப்பு நிற 3ஆம் எண் காரின் படங்கள் வரத் தொடங்கிவிடும். கூடவே "டேல் எர்ன்ஹார்ட் கையெழுத்திட்டது, சான்றிதழ் உண்டு" என்று விற்பனை அறிவிப்புகளும் வரும். இந்த வருஷம் அப்படி ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2001இல் 350 டாலர் கொடுத்து நான் வாங்கிய அதே படம். இத்தனை நாள் வீட்டில்கூடப் பேசாமல் வைத்திருந்ததை அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1997இல் வேலைக்காக வட கரோலினாவில் உள்ள ஷார்லட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கனாபொலிஸ் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவும் கோவையில் மில் தொழிலாளி என்று சொன்ன நாளிலிருந்து எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு டிவியில் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயம் ஓடும். "இவன் எங்க ஊர்ப் பையன்" என்று எர்ன்ஹார்ட்டைக் காட்டுவார். எர்ன்ஹார்ட் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அப்பா ரால்ஃபும் பந்தய ஓட்டுநர். அந்த வீட்டிலிருந்து வந்து ஏழு முறை நாஸ்கார் பட்டம் வென்று, அதே அளவு வென்றிருந்த பழைய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டிக்குச் சமமாக நின்றார்.

எல்லாம் வென்றவருக்கு, நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 மட்டும் கைக்கு வராமலே இருந்தது. 1998இல், இருபதாவது முயற்சியில் வென்றார். அணிகள் கார்களுக்கு டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட் பாதையில் கார் மெதுவாக வந்தபோது மற்ற அணிகளின் ஆட்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். பெரியவர் அன்று அழுதார். ஒரு கார் பந்தயத்துக்கு ஒருவர் அழுவதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

2001 பிப்ரவரி 18. அதே டேடோனா, கடைசிச் சுற்று. முன்னால் மைக்கேல் வால்ட்ரிப், அடுத்து மகன் டேல் ஜூனியர். இரண்டுமே எர்ன்ஹார்ட்டின் சொந்த அணிக் கார்கள். மூன்றாவதாக அவர். நான்காவது வளைவில் கார் தடுமாறி மேலேறிச் சுவரில் மோதியது. டிவியில் பார்க்கப் பெரிய விபத்தாகத் தெரியவில்லை. 1997இல் இதே டேடோனாவில் அவர் கார் உருண்டு கவிழ்ந்தது. ஆம்புலன்ஸில் ஏறியவர், காரின் சக்கரங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஓட்டினார். அதனால் இப்போதும் இறங்கி வருவார் என்றே உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் நாஸ்கார் தலைவர் மைக் ஹெல்டன் மைக் முன்னால் வந்து அவரை இழந்துவிட்டோம் என்றார். வயது 49.

அந்த வாரம் மூர்ஸ்வில்லில் அவருடைய அணி அலுவலகத்துக்குப் போனோம். வாசல் முழுக்கப் பூ, தொப்பி, குழந்தைகள் எழுதிய அட்டை. யாரும் யாரோடும் பேசவில்லை. துக்கம் சிலருக்குக் கோபமாகவும் போனது. விபத்தில் அவர் காரோடு உரசிய ஸ்டெர்லிங் மார்லினுக்குக் கொலை மிரட்டல்கள் போயின. அவர்மேல் பழி போடாதீர்கள் என்று மகன் ஜூனியரே சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் யாருக்கும் அப்போது நிதானம் இல்லை. அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் அவர் படங்களை விற்க மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

மே கடைசியில் ஷார்லட்டில் 600 மைல் பந்தயம். அந்த வருஷம் முழுக்க எல்லா மைதானங்களிலும் நடந்ததுபோல, மூன்றாவது சுற்று வந்ததும் கூட்டம் எழுந்து மூன்று விரலை உயர்த்தியது. என் பக்கத்தில் பெரியவரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இரவு பந்தயம் முடிந்து வெளியே வரும்போது, சாலையோரத்தில் ஜெனரேட்டர் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேசை. பெரியவர் முன்னால் நடந்துவிட்டார். நான் நின்றேன். சட்டம் போட்ட படம்: கறுப்புக் கார் அருகில் அவர் நிற்கிறார், கீழே நீல மையில் கையெழுத்து. "கடைசி நாள் படம், இன்னும் நாலுதான் இருக்கு" என்றார் விற்றவர். பெரியவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கையில் இருந்த பணத்தையெல்லாம் எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அப்புறம் விரலைப் படத்தின் அடியில் வைத்தார். அங்கே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: டேடோனா, பிப்ரவரி 18, 2001.

"இதை எப்போ கழுவி எடுத்தாங்க? எப்போ அவன் கையெழுத்துப் போட்டான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மதியம் எடுத்த படம் அச்சாகி வருவதற்குள் அவர் உயிரோடு இல்லை. விற்றவரே பெருமையாகச் சொன்ன தேதி, அதற்காகவே விலையும் கூட, நான் அதைப் படித்தும் யோசிக்கவில்லை. ரசீதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு இணைப்பே இல்லை என்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்து அச்சடித்தது இல்லை. சாய்த்துப் பிடித்தால் மை மினுக்கும், பேனா அழுத்திய தடமும் தெரியும். பேனா மை என்றால் அசல் என்று பலர் நம்புகிறார்கள். அவர் செத்த பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து அவர் பெயரை எழுதிப் பழகியிருக்கிறார். பணம் போனதைவிட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

சான்றிதழையும் நம்பாதீர்கள். விற்பவரே அடித்துக் கொடுக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். 1990களின் பிற்பகுதியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற விசாரணையில் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன. அப்படிப்பட்ட வியாபாரம் இது. வாங்கத்தான் வேண்டும் என்றால் விற்பவரோடு சம்பந்தமில்லாத நிபுணரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் கிரெடிட் கார்டில் கொடுங்கள். ஏமாந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். ஒருவர் இறந்த வாரத்தில், அந்த மாதத்தில், தயவுசெய்து எதுவும் வாங்காதீர்கள்.

என்னிடம் இருக்கும் படத்தின் அடையாளம் இது: கறுப்பு மரச்சட்டம், வலது கீழ்மூலையில் நீல மைக் கையெழுத்து, பின்னால் தங்க நிற ஓரமுள்ள சான்றிதழ், அதில் கையால் எழுதிய "333இல் 127". வேறு எண்ணோடு இதே படம் உங்களிடம் இருந்தாலோ, யாராவது விற்க வந்தாலோ, அடியில் உள்ள தேதியைப் பாருங்கள்.