மார்கழியில் மலையேற: கம்பளி ஸ்வெட்டரா, ஃப்ளீஸ் ஜாக்கெட்டா?

வேலூரில் இருந்துகொண்டு குளிருக்கு உடுப்பு வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்கழி, தை என்று இரண்டு மாதம்தான் அதை உடம்பில் போடுவோம். மீதிப் பத்து மாதமும் பீரோவுக்குள். ஆகவே ஊட்டிக்காரர் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே ஒத்துவராது. கம்பளியை விட்டுவிட்டு, பஞ்சுபோன்ற பாலியஸ்டர் துணியான ஃப்ளீஸில் தைத்த ஜாக்கெட்டைத்தான் எடுத்தேன். முக்கியக் காரணம் அந்தப் பத்து மாதம்தான்.

கம்பளிக்கு வரும் முன், பலரும் யோசிக்கும் வேறு இரண்டு உடுப்புகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பருத்தி ஹூடி, விடிகாலையில் கோட்டையைச் சுற்றி நடக்கப் போதும். ஏலகிரியில் சுவாமிமலை ஏறுவதற்கு வேண்டவே வேண்டாம். ஏறும்போது வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். உச்சியில் காற்று அடிக்கும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருப்பதால் லெதர் ஜாக்கெட் மேல் நமக்கு ஆசை வருவது இயல்பு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறுகிறவருக்கு அது அருமையான உடுப்பு. நடப்பவருக்குச் சுமை. மழைக்காலத்தில் கவனிக்காமல் விட்டால் பூசணமும் பிடிக்கும்.

இனி கம்பளி. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் அது நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். வேர்வை நாற்றம் சீக்கிரம் ஏறாது. நெருப்புப் பொறி பட்டால் கருகுமே தவிர உருகாது. ஃப்ளீஸ் பாலியஸ்டர் என்பதால் ஒரு பொறி விழுந்தாலே ஓட்டைதான், கேம்ப்ஃபயர் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் எரிகற்களைப் பார்க்க ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், விடியும் முன் பனியும் இறங்கும். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்துக்கே அந்தக் குளிர் நன்றாகத் தெரியும். அங்கே கம்பளிதான் ஒரு படி மேல், மறுக்க மாட்டேன்.

ஆனால் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு? கம்பளியை வாஷிங் மெஷினில் போட முடியாது. குளிர்ந்த தண்ணீரில், மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் தரையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும். துவைக்காமல் மடித்து வைத்தாலோ அந்துப்பூச்சிக்கு அழைப்புதான். கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடத்தைத்தான் அது முதலில் தேடும்.

அந்துருண்டை போட்டால் போகாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. கடைசியில் ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, நடுவில் எடுத்து வெயில் காட்டி, மறுபடி மடித்து வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, குளிர் தொடங்கும் முன்னால் வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று வேறு. இரண்டு மாதப் பயனுக்கு இத்தனை வேலை.

ஃப்ளீஸில் புழு தின்ன எதுவும் இல்லை. மெஷினில் போட்டு எடுத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். மடித்து எங்கே செருகினாலும் அடுத்த மார்கழியில் அப்படியே எடுத்துப் போடலாம். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், இஸ்திரிப் பெட்டி காட்டாதீர்கள், அவ்வளவுதான். பாலியஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை என்பதால் வேர்வை பட்டாலும் துணியில் தங்காது. ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன. பாலாறு ஏற்கெனவே பட்டது போதும். அதனால் அழுக்கானால் மட்டும் துவைக்கிறேன்.

ஃப்ளீஸ் காற்றைத் தடுக்காது. மேலே மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று கட்டாயம். ஏறும்போது இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உச்சியில் நின்றதும், உடம்பு ஆறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது லேபிளில் பாலியஸ்டர் என்று இருக்கிறதா பாருங்கள், உள்பக்கம் பஞ்சுபோல் உரசிவிட்ட பருத்தித் துணியும் அதே பெயரில் விற்கிறது. சாலையோர ஸ்வெட்டர்களில் பலவும் அக்ரிலிக்தான். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் வாசனை தரும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும்.

நான் சொல்வதெல்லாம் நம் பக்கத்து மலைகளுக்குத்தான். பனி உறையும் இமயமலைப் பயணத்துக்கு இது போதுமா என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளியும் போட்டுப் பார்த்ததில்லை. குல்லா மட்டும் இன்றும் கம்பளியில்தான் வைத்திருக்கிறேன். காதுக்கு அது தரும் இதம் ஃப்ளீஸில் கிடைக்கவில்லை, சின்ன ஜிப் கவரில் அடங்கிவிடுவதால் பூச்சிக் கவலையும் இல்லை.